சிறுநீர்ப்பைப் புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது: அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் வலி, வழி சொல்லுங்கள்

நொய்யல்கரை
மார்ச் 3, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

அப்பாவுக்கு 64 வயது. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் 22 வருடம் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரில் ரத்தம் போனது. வலி எதுவும் இல்லை என்பதால் உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று 4 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி தசை வரைக்கும் இறங்கியிருந்தது. 4 சுற்று கீமோ, பிறகு சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு சிறுநீர் சேர வயிற்றின்மேல் வெளியே ஒரு பை வைத்தார்கள். பை மாற்றுவதில் அம்மா இப்போது ஒரு நர்ஸ் மாதிரி ஆகிவிட்டார். சரி, தப்பித்தோம் என்றுதான் இருந்தோம்.

தீபாவளி முடிந்து இடுப்பு வலி ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்தோம். தேய்மானம் என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, எண்ணெய் போட்டு நீவிக் கட்டுக் கட்டும் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். இரண்டாவது தடவை நீவிய அன்று ராத்திரி அப்பா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு நான்தான் காரணம். படுத்தால் வலி அதிகம், உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார்.

போன வாரம் பெட் ஸ்கேன். முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் எல்2, எல்4 என்ற இரண்டு எலும்புகள், வலது இடுப்பெலும்பு, ஒரு விலா எலும்பு என்று 4 இடம். இடுப்பெலும்பிலிருந்து ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்ததில் அதே புற்றுதான் என்று வந்துவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.9, அதிகமாம்.

சிறுநீர்ப்பையே இல்லாதபோது அந்தப் புற்று எப்படி எலும்பில் வரும்? எலும்புக்கு ஒரு ஊசி போட வேண்டும், அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்கிறார்கள். பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா கொடுக்க மாட்டேன் என்கிறார். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.


வைகைச் செவிலி
மார்ச் 4, காலை 5.50

தம்பி, மற்ற எல்லாக் கேள்விக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் அப்பாவை எழுப்பி இதைக் கேளுங்கள். கால் கனக்கிறதா, மரத்துப்போகிறதா? எழுந்து நிற்கும்போது முழங்கால் மடங்குகிறதா? உட்காரும் இடத்தில், தொடை இடுக்கில் தொட்டால் உணர்வு குறைந்திருக்கிறதா? இரண்டு மூன்று நாளாக மலம் போவது தெரியாமல் போகிறதா, அல்லது திடீரென்று நின்றுவிட்டதா?

முதுகெலும்பில் வந்த புற்று தண்டுவடத்தையோ அதற்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றையையோ அழுத்தினால் சில மணி நேரம், சில நாள்தான் அவகாசம். நடந்து வந்தவருக்கு வைத்தியம் ஆரம்பித்தால் பெரும்பாலும் நடை காப்பாற்றப்படும். கால் முழுக்க விழுந்தபிறகு வந்தால் திரும்புவது அபூர்வம். நான் வலி தணிப்பு வார்டில் 17 வருடமாக இருக்கிறேன். "அசதியாக்கும்னு நினைச்சோம்" என்று நாலு நாள் கழித்துத் தூக்கிவந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரணமாகச் சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது ஒரு பெரிய எச்சரிக்கை. பை வைத்தவருக்கு அந்த எச்சரிக்கையே கிடைக்காது, பை பாட்டுக்கு நிரம்பிக்கொண்டிருக்கும். அதனால் காலையும் மலப்போக்கையும்தான் கவனிக்க வேண்டும். நீவுவது, இழுப்பது, கட்டுப் போடுவது எதுவும் இனி வேண்டாம். அரித்துப்போன எலும்பு அதில் நொறுங்கிவிடும்.

பதில் போடுங்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.


நொய்யல்கரை
மார்ச் 4, காலை 7.05

அக்கா, கேட்டேன். வலது கால் ஒரு வாரமாகக் கனமாக இருக்கிறதாம். படியேறும்போது கையால் தொடையைத் தூக்கி வைக்கிறார் என்று அம்மா இப்போதுதான் சொல்கிறார். வலியால் என்று நினைத்திருக்கிறார்கள்.


வைகைச் செவிலி
மார்ச் 4, காலை 7.09

புறப்படுங்கள். ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். "சிறுநீர்ப்பைப் புற்று, முதுகெலும்பில் பரவியிருக்கிறது, ஒரு வாரமாகக் கால் பலவீனம்" என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. கேளுங்கள், இடுப்புக்கு மட்டும் போதாது. பெட் ஸ்கேன் அறிக்கையும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். அப்பாவைப் படுக்கவைத்தே கூட்டிப்போங்கள். பைக் வேண்டாம்.


கதிர்_அறை
மார்ச் 4, மதியம் 1.30

நண்பர் ஆஸ்பத்திரியில் இருப்பார். திரும்பி வந்து படிக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை.

சிறுநீர்ப்பையை எடுத்தபிறகு எப்படி வந்தது என்ற கேள்வி எல்லோரும் கேட்பதுதான். அறுவைக்கு முன்பே சில செல்கள் ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கும். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவு சிறியவை. அவை எலும்பு மஜ்ஜையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். இது எலும்புப் புற்று அல்ல. எலும்பில் குடியேறிய சிறுநீர்ப்பைப் புற்று, எனவே மருந்தும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கான மருந்துதான். எலும்புப் புற்று என்று நினைத்துக்கொண்டு வேறு வைத்தியம் தேடி அலைய வேண்டாம்.

ஏன் முதுகெலும்பும் இடுப்பும் முதலில்? அடிவயிற்று உறுப்புகளின் ரத்தக்குழாய்களுக்கும் முதுகெலும்பைச் சுற்றிப் பின்னியிருக்கும் சிரைகளுக்கும் தொடர்பு உண்டு. அந்தச் சிரைகளில் ரத்தம் திரும்பி ஓடாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் இல்லை. இருமினாலும் முக்கினாலும் வயிற்றில் அழுத்தம் ஏறி ரத்தம் எதிர்ப்பக்கமாகவும் ஓடும். 1940-ல் பாட்சன் என்ற உடற்கூறியலாளர் இதை விளக்கினார். ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது, ஒட்டிய இடத்தில் பிழைக்கவும் வேண்டும். 1889-லேயே ஸ்டீபன் பேஜட் மார்பகப் புற்று எங்கெல்லாம் பரவுகிறது என்று பார்த்துவிட்டு, புற்றை விதை என்றும் அது போய் முளைக்கும் உறுப்பை மண் என்றும் சொன்னார். எலும்பு இந்த விதைக்கு ஏற்ற மண்.

உள்ளே நடப்பது இதுதான். நம் எலும்பை எப்போதும் ஒரு வகைச் செல் அரித்துக்கொண்டும் இன்னொரு வகைச் செல் கட்டிக்கொண்டும் இருக்கும். புற்றுச் செல் அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் சேமிப்பில் இருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவை புற்றுக்கே தீனி ஆகின்றன. புற்று வளர்ந்து இன்னும் அரிக்கச் சொல்கிறது. ப்ராஸ்டேட் புற்று பரவினால் பெரும்பாலும் எலும்பு கண்டபடி கெட்டித்துப்போகும். சிறுநீர்ப்பைப் புற்றில் கரைந்து குழிவிழுவதுதான் அதிகம். அதனால் முறிவு பயமும் அதிகம்.

அப்பாவின் எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. முதுகெலும்பில் 30 முதல் 50 சதவீதம் வரை தாதுச்சத்து கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே புற்று வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, படுத்தால் கூடுகிறது, ராத்திரியில் எழுப்புகிறது என்றால் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. தம்பி, வைத்தியரிடம் கூட்டிப்போனதற்கு உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தேய்மானம் என்று சொன்ன பிறகு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.


பனைமரத்தடி
மார்ச் 4, மாலை 6.15

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்ர அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம் செய்தோம். எங்களுக்குக் கால் பிரச்சினை வரவில்லை, வேறொன்று வந்தது, அதை இங்கே ஒருவரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

ஒரு கிழமையாக அப்பா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை, சத்தி எடுத்தார், மலம் போகவில்லை. பிறகு பேச்சு மாறியது. இறந்துபோன அப்பம்மாவைக் கூப்பிட்டார். நோய் மூளைக்கு ஏறிவிட்டது, இனிக் கடைசிதான் என்று உறவுக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். வார்டில் இருந்த ஒரு இளம் டொக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்த்தார். 13-க்கு மேல். சாதாரணமாகப் பத்து, பத்தரைக்குள்தான் இருக்க வேண்டுமாம். சேலைனும் ஊசியும் ஏற்றினார்கள். நாலாம் நாள் அப்பா கட்டிலில் இருந்து பேப்பர் கேட்டார். அதற்குப் பிறகு ஏழு மாதம் எங்களோடு இருந்தார்.

எலும்பு கரைந்தால் கால்சியம் ரத்தத்துக்குத்தான் வரும் என்று பிறகுதான் விளங்கியது. தம்பி, அப்பாவின் பை வழக்கத்தை விட வேகமாக நிறைந்தால், தாகமும் மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து வந்தால், கால்சியம் பார்க்கச் சொல்லுங்கோ. சின்ன ரத்தப் பரிசோதனைதான்.


நொய்யல்கரை
மார்ச் 5, இரவு 9.40

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார்கள். எல்2 எலும்பு பின்பக்கம் வீங்கி நரம்புக் கற்றையை வலது பக்கமாக அழுத்துகிறது. முழுக்க நசுங்கவில்லை. உடனே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். முதுகெலும்பு அறுவை டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு இன்னும் நிலையாகத்தான் இருக்கிறது, கதிரியக்கம் போதும் என்றார். இன்று காலை முதல் சிட்டிங் முடிந்தது. 5 நாள், மொத்தம் 20 கிரே (கதிரின் அளவு). இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள்.

வைகை அக்கா, காலை ஐந்து ஐம்பதுக்கு நீங்கள் எழுதியதைப் பார்த்திருக்காவிட்டால் நாங்கள் பல் டாக்டரிடம்தான் போயிருப்போம்.

வலி இன்னும் குறையவில்லை. நேற்றை விட இன்று கொஞ்சம் அதிகம்கூட. இது சரியா?


கதிர்_அறை
மார்ச் 5, இரவு 10.30

மனசு நிறைந்தது. வலியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கதிர் வைத்த முதல் சில நாளில் சிலருக்கு வலி கொஞ்சம் ஏறி இறங்கும். முழுப் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரைக்கும் மாத்திரையால்தான் சமாளிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. நரம்பு அழுத்தம் எதுவும் இல்லாமல் வெறும் எலும்பு வலி என்றால், ஒரே தடவை 8 கிரே கொடுப்பது பல நாள் கொடுப்பதற்குச் சமமாக வலியைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பின்னாளில் அதே இடத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டிவரும் வாய்ப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு நாளில் முடித்தால் அலட்சியமாகச் செய்கிறார்கள் என்று எங்கள் பிரிவில் நிறையப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். 80 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்துபோகும் ஒருவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

வலது இடுப்பெலும்பிலும் இருக்கிறது என்கிறீர்கள். காலை ஊன்றும்போது தொடையில் சுரீரென்று வலித்தால் தொடையெலும்பையும் படமெடுக்கச் சொல்லுங்கள். முறியப் போகும் எலும்புக்கு முன்கூட்டியே உள்ளே கம்பி வைத்துவிடலாம். முறிந்தபின் செய்வதை விட அது எவ்வளவோ மேல்.


சித்தர்வழி
மார்ச் 6, காலை 8.00

மார்ஃபின் ஆரம்பித்தால் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் பெரியப்பாவுக்குக் கொடுத்த பத்தாம் நாள் போய்விட்டார். முள்சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். கீமோவை விடப் பல மடங்கு வேலை செய்யும் என்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறேன்.


வைகைச் செவிலி
மார்ச் 6, காலை 9.25

ஐயா, உங்கள் பெரியப்பாவை இழந்த வருத்தம் புரிகிறது. ஆனால் கடைசிப் பத்து நாளில் மட்டும் மார்ஃபின் கொடுத்தால், அவர் போனதற்கு மார்ஃபின்தான் காரணம் என்று தோன்றும். அதற்கு முன்னால் எத்தனை மாதம் வலியோடு கிடந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்ஃபின் வலிக்கான மருந்து. வலி இருக்கும்போது கொடுக்கிறோம், கதிர் வேலை செய்து வலி குறைந்தால் அளவைக் குறைத்து நிறுத்தவும் செய்கிறோம். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய் மடை திருப்பிவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும். நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வைக்காமல் இருந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபிறகும் பயம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

முள்சீத்தா விஷயம். ஆய்வுக்கூடத்தில் செல்களின்மேல் ஊற்றிப் பார்த்தது வேறு, மனிதருக்குக் கொடுத்துக் குணமானது வேறு. இரண்டாவது நடந்ததாகச் சான்று இல்லை. கிரியேட்டினின் 1.9 இருப்பவருக்கு என்ன இருக்கிறதென்று தெரியாத கஷாயம் கொடுத்தால் சிறுநீரகம்தான் முதலில் அடி வாங்கும். சிறுநீரகம் போனால் கீமோ போய்விடும், ஊசி போய்விடும், எல்லா வழியும் அடைபடும்.

அதனால் தம்பி, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள்தான் உங்கள் அப்பாவுக்கு ஆபத்து, டாக்டர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் அல்ல. ஆனால் சிறுநீரகம் குறைவாக வேலை செய்தால் மார்ஃபினின் கழிவுகளும் உடம்பில் தேங்கும். அப்பா அளவுக்கு மீறித் தூங்கினாலோ, கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டைக்கு மாற்றுவார்கள். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். கிரியேட்டினின் ஏன் ஏறியது என்று ஒரு அல்ட்ராசவுண்டும் பாருங்கள். குடலில் செய்த வழியோடு சிறுநீர்க்குழாய் சேரும் இடம் சுருங்கினால் சிறுநீரகம் வீங்கும், அதைச் சரிசெய்ய முடியும்.

பல் கேள்வி பாக்கி இருக்கிறது. சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் இரண்டுமே எலும்பை அரிக்கும் செல்களை அடக்குகிற ஊசிகள். முறிவையும் நரம்பு அழுத்தத்தையும் குறைக்கும். சிறுநீர்ப்பைப் புற்று எலும்புக்குப் பரவிய 40 பேரிடம் எகிப்தில் செய்து 2010-ல் வந்த சிறிய ஆய்வில்கூட சோலெட்ரானிக் ஆசிட் போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. ஆனால் தாடையெலும்புக்கும் தினமும் பழுதுபார்ப்பு வேண்டும். ஊசி போட்டபிறகு பல் பிடுங்கினால் அந்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் அளவுக்குப் போய்விடலாம். எனவே ஆடும் பல், சொத்தைப்பல் எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்து, புண் ஆறியபிறகுதான் ஊசி. சோலெட்ரானிக் சிறுநீரகத்தின் நிலை பார்த்து அளவு குறைக்க வேண்டியது, மிகவும் குறைந்திருந்தால் போடுவதில்லை. டெனோசுமாப் அந்த விஷயத்தில் தேவலை, ஆனால் கால்சியத்தைச் சட்டென்று இறக்கிவிடும். எது என்று உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.


குடந்தைவாசி
மார்ச் 6, மாலை 4.50

நான் நோயாளி. 58 வயது. எனக்கும் சிறுநீர்ப்பையில் தொடங்கி இடுப்பெலும்புக்கு வந்ததுதான். வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது.

முதல் மூன்று மாதம் வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. 'எலும்புத் தேய்மானம், ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி போனில் அழுவது எனக்குக் கேட்கும். கதிரியக்கப் பிரிவின் பெயர்ப்பலகையை எனக்குப் படிக்கத் தெரியாதா? தெரியாத மாதிரி நான் நடித்தேன், தெரியாது என்று நம்புவதாக அவர்கள் நடித்தார்கள். அந்த மூன்று மாதம்தான் இந்த நோயிலேயே எனக்குப் பெரிய வலி. ஒருநாள் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, எலும்புக்கு வந்துடுச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அழுதோம், அப்புறம் சேர்ந்து சாப்பிட்டோம். மறுநாள் பேங்க் கணக்கு, நிலப் பத்திரம் எல்லாம் எடுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எனக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

தம்பி, அப்பா கேட்காததை எல்லாம் கொட்ட வேண்டாம். "உங்களுக்கு என்னன்னு தோணுது?" என்று நீங்கள் முதலில் கேளுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

மருந்து விஷயமும் சொல்கிறேன். எனக்குக் கீமோவுக்குப் பிறகு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து போகிறது. நோய் குறைந்து அப்படியே நிற்கிறது. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, எலும்பில் பரவியவர்களுக்கு இது மட்டும் கொடுத்தால் பலன் குறைவு என்றும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். 2023-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 31.5 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான கீமோவில் அது 16.1 மாதம். விலை பெரிய சுமை. தோலில் தடிப்பு, கைகால் மதமதப்பு, சர்க்கரை ஏறுவது எல்லாம் உண்டு. அப்பாவுக்கு ஸ்டீராய்டும் போவதால் சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். அறுவையில் எடுத்த கட்டியின் துண்டு ஆஸ்பத்திரியில் இருக்கும். அதில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். இருந்தால் அதற்கென்று எர்டாஃபிட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது.


வைகைச் செவிலி
மார்ச் 6, மாலை 5.20

ஐயா, இதை எங்கள் வார்டில் படித்துக்காட்ட அனுமதி கொடுங்கள்.

தம்பிக்கு இன்னொன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? கதிரியக்கம், கீமோவுக்கு எது எது கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் அந்தக் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.


கதிர்_அறை
மார்ச் 7, இரவு 8.10

சாயப்பட்டறை என்று முதலில் எழுதியிருந்தீர்கள், சொல்ல விட்டுப்போனது. ஜெர்மனியில் பிராங்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை 1895-லேயே கண்டு சொன்னார். சில சாயங்களில் உள்ள அமீன் வகை ரசாயனங்கள் உடம்புக்குள் போய்ச் சிறுநீரில்தான் வெளியேறும், சிறுநீர்ப்பை அவற்றில் ஊறிக்கிடக்கும். புகையிலைப் புகையிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு, இன்றைக்கு உலகம் முழுக்க முதல் காரணம் புகைதான். அப்பாவுக்கு எதனால் வந்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரோடு அதே தொட்டியில் நின்று வேலை பார்த்தவர்கள் இருப்பார்களே. சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், 'சூடு' என்று விட்டுவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.


நொய்யல்கரை
மார்ச் 24, இரவு 10.15

இத்தனை நாள் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

5 நாள் கதிரும் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டாவது வாரத்திலிருந்து வலி இறங்க ஆரம்பித்தது. அம்மா இப்போது மார்ஃபினை நேரம் தவறாமல் அவரே கொடுக்கிறார். போன வியாழக்கிழமை அப்பா நாலு மணி நேரம் படுத்துத் தூங்கினார், படுத்து. எத்தனை மாதத்துக்குப் பிறகு! வலது கால் முழுக்கத் திரும்பவில்லை. வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறார். அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. முதுகு வழியாகச் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், கிரியேட்டினின் 1.4-க்கு இறங்கியிருக்கிறது. கால்சியம் சரியாக இருக்கிறது. இரண்டு பல் எடுத்தாகிவிட்டது, ஆறியதும் ஊசி. கட்டியின் துண்டு மரபணுச் சோதனைக்குப் போயிருக்கிறது. மருந்து எது என்று அடுத்த செவ்வாய் முடிவு செய்வார்கள்.

குடந்தை ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். "உங்களுக்கு என்னன்னு தோணுதுங்கப்பா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "வயித்துல இருந்ததுதான் முதுகுக்கு ஏறிடுச்சு, இல்லையா சாமி" என்றார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்கேன் படத்தை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்2 எது என்று கேட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவர் கேட்டது சித்தப்பாவைப் பற்றி. சித்தப்பாவும் அதே பட்டறையில் 15 வருடம் இருந்தவர். போன வருடம் ஒரு தடவை சிறுநீர் சிவப்பாகப் போனதாம், யாரிடமும் சொல்லவில்லையாம். அப்பாவே போன் போட்டுத் திட்டி வரவழைத்துவிட்டார். நாளைக் காலை 8 மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.